சகித்தலும் ஏற்றுக்கொள்ளலும்

ஆங்கிலத்தில் ‘டொலரேஷன்’ என்றும் ‘அக்செப்டன்ஸ்’ என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னதைச் சகித்தல் என்றும், பின்னதை ஏற்றுக்கொள்ளல் என்றும் தமிழிற் கூறலாம். பிற சமயத்தாரோடு பழகும் முறையைப் பற்றிப் பேசுகையில் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றோம். ஆயினும் இவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரிது.

1893 செப்டெம்பர் 11 ஆம் திகதி சிக்காகோ சர்வசமயப் பேரவையில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தர், இவ்விரண்டையும் உலகிற்குப் போதித்த சமயம் நம்முடையது எனப் பெருமையுடன் எடுத்துரைத்தார். 1900 இல் கலிபோர்னியாவில் பேசுகையில் ஒருபடி மேலே சென்று, சகித்தல் போதாது என்றார். பிறர் வழி பிழையென்று எண்ணிக்கொண்டே, வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என விட்டுவிடுவதே சகித்தல். அவ்வாறு அனுமதி வழங்க நாம் யார்? ஏற்றுக்கொள்ளலே தமது நெறி என்றார் சுவாமிகள்.

இதற்கு முன்னரே, 1897 ஜனவரியில், சுவாமிகள் கண்டியிலிருந்து நமது மாத்தளை வழியாக அநுராதபுரம் சென்றிருந்தார். அங்கே வெள்ளரச மரநிழலில் வழிபாடு பற்றி அவர் உரையாற்றியபோது, பௌத்தர்கள் திரண்டு மேளமும் தகரமும் தட்டி இடையூறு செய்தனர். கலகம் மூளும் நிலை. சுவாமிகள் இந்துக்களை அமைதி காக்கச் செய்தார். சிவன் என்றும் விஷ்ணு என்றும் புத்தர் என்றும் வணங்கப்படுவது ஒரே பரம்பொருளே என உணர்த்தினார்.

சகித்தல் பொறுமை தீரும்வரைதான் நிற்கும். 1983 ஆம் ஆண்டைக் கண்ட நம் மூத்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அன்று தமிழரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள அயலவர்கள் நம்மைச் சகித்தவர்கள் அல்லர், தம்மவராக ஏற்றுக்கொண்டவர்கள்.

நமது வஹகோட்டை அந்தோனியார் திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவரும் இந்துக்கள் பலர். அதனால் அவர்களது நெற்றித் திருநீறு அழிந்துவிடவில்லை. ஏற்றுக்கொள்ளல் என்பது தன் சமயத்தைக் கைவிடுதல் அன்று.

வெளியாரை ஏற்பது சிலவேளை எளிது. நமக்குள்ளே எப்படி? தேர்வடம் பிடிக்க எல்லோரையும் அழைக்கின்றோம். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்தவர் இன்னார் என அறிந்ததும் நம் மனம் சற்றே விலகுமாயின், அவரை நாம் சகிக்கின்றோமேயன்றி ஏற்கவில்லை.

இறைவன் சந்நிதியில் இடம் கொடுப்பவர்கள் நாமல்லர். நாமும் அங்கே இடம் பெற்றவர்களே. இவ்வுணர்வு நம் உள்ளங்களில் நிலைபெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுவோமாக.