உரக்கச் சொன்ன கட்டளை

கீழ்ப்படிதல் உயர்ந்த நற்பண்பு என்றே கற்றும் கற்பித்தும் வருகிறோம். ஆயினும், கீழ்ப்படிந்தால் பலர் அழிவர் என்று உள்ளம் உணர்த்தும் வேளையில் மனிதன் செய்யத்தக்கது யாது?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கின. உலை நின்றபின்னும் எரிபொருளின் வெப்பம் தணிவதில்லை. குளிர்விக்கவோ மின்சாரம் இல்லை. மறுநாள் மாலை முதலாம் உலைக்குள் கடல்நீரைச் செலுத்தத் தொடங்கினர். பிரதமரின் ஒப்புதல் கிட்டவில்லை என்று கூறி, நிறுத்தப் பணித்தது தலைமையகம். நிலைய இயக்குநர் மசாவோ யோஷிதா, நிறுத்த வேண்டாமென்று உதவியாளரிடம் முன்னதாகவே மெல்லச் சொல்லிவிட்டு, தலைமையகம் கேட்கும்படி, நிறுத்துமாறு உரக்கக் கட்டளையிட்டார். நீர் நிற்கவில்லை.

அவர் உரக்கச் சொன்னது பொய். அப்பொய்யைப் புகழ்வது என் நோக்கமன்று. அந்நீரில் பெரும்பகுதி உலையின் உள்ளத்தைச் சென்றடையவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. எனில், அவர் துணிவு வீணோ? அன்று. மனச்சான்று பலனைக் கண்டபின் தீர்ப்பிடுவதில்லை. ஆபத்தின் அருகில் நின்று, அறிந்த அளவில் தீர்ப்பிடுகிறது.

‘மேலிடத்து உத்தரவு’ என்னும் எளிய புகலிடம் அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதனுள் நுழையவில்லை. நாம் எத்தனை முறை நுழைந்திருக்கிறோம்?