முன்னிலைச் சொல்லும் மரியாதையும்

ஒருவர் மற்றொருவரை எச்சொல்லால் விளிக்கின்றார் என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆயினும், யாரை மதித்தல் வேண்டும், யாரை மதியாதொழியலாம் என்பதைப் பிள்ளைகள் இலக்கணம் படிக்குமுன்னரே அச்சொல்லினாற் கற்றுக்கொள்ளுகின்றார்கள். ஆதலால் இஃது ஆசிரியர்கள் ஆராயத்தக்கதொன்றாம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே நீ, நீர், நீங்கள் என முன்னிலைச் சொற்கள் மூன்று உள. தமிழ்நாட்டுப் பேச்சிலே பெரிதும் அருகிப்போன ‘நீர்’ என்பது நம்மிடத்து இன்றும் வழங்குகின்றது. இத்துணை நுட்பமான அளவுகோலை உடைய நாம் அதனை நேர்மையாகப் பிடித்தோமா? தலை நரைத்த தொழிலாளர் ஒருவரை, அவர் பிறந்த சாதி நோக்கி, பத்து வயதுப் பிள்ளை ‘நீ’ என்றும் ‘அவன்’ என்றும் கூறுதல் நம்மூர்களிலே நெடுங்காலம் வழங்கிற்று. இப்பொழுது அது பெரிதுங் குறைந்ததேனும் வேரற்றதன்று.

“அது தொன்றுதொட்ட வழக்கம், மாற்றலாமோ?” என்பார் சிலர். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல், வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண நெறியால் வந்ததன்று எனத் தொல்காப்பியரே கூறினார். வழக்கு ஆக்கியதனை வழக்கே திருத்தவும் வல்லது.

“‘நீ’ என்பது இழிசொல்லாயின், தேவாரத்திலே இறைவனை நீ என்றது என்னை?” எனின், கூறுதும். தாய் மகனை நீ என்பதும், அடியார் இறைவனை நீ என்பதும் அன்பினாலாம். சுந்தரமூர்த்தி நாயனாரோ, திருவாரூரிலே கண் வேண்டிப் பாடியபோது, இறைவனைப் பன்மையால் விளித்தே வன்மையாக முறையிட்டார். ஆகவே குற்றம் சொல்லின்கண் அன்று, கருத்தின்கண்ணேயாம். அதனை அறிதற்கு அளவை ஒன்றுண்டு. அதே வயதினராகிய நம் சுற்றத்தார் ஒருவரை அச்சொல்லால் விளிப்போமா? விளியோமெனின், அஃது அன்பன்று, இகழ்ச்சியே.

சாதி காரணமாகப் பள்ளிக்கூடம், கடை, கோயில் முதலியவற்றிலே ஒருவரைத் தடுத்தல் குற்றமென 1957ஆம் ஆண்டிலே இலங்கையிற் சட்டம் ஆக்கப்பட்டது. ஆயினும் வீட்டு முற்றத்திலே வழங்கும் பேச்சைத் திருத்துதல் சட்டத்தினால் ஆவதன்று. அஃது ஆசிரியர் கடன்.

வகுப்பிலே செல்வர் பிள்ளையை ‘நீர்’ என்றும் ஏழைப் பிள்ளையை ‘நீ’ என்றும் வேறுபடுத்தாது, எல்லாரையும் ஒருபடித்தாக விளித்தல் வேண்டும். பள்ளிக்கூடத்தைக் கூட்டும் முதியவரை, பிள்ளைகள் கேட்கும்படி, ‘அப்பு’ என்றாயினும் ‘ஆச்சி’ என்றாயினும் ஆசிரியர் அழைத்தல் வேண்டும். மரியாதையைப் பற்றி நூறு முறை போதித்தலினும், ஆசிரியர் வாயிலே அதனை ஒருமுறை கேட்டல் பிள்ளைகளுக்கு நன்கு பதியும்.