வெடித்த மரமும் கைவினைஞர் நேர்மையும்

குறையை மறைப்பது பொய்யாகுமா? ஒழுக்கநூலார் இவ்வினாவைப் பெரும்பாலும் மனிதரைப் பற்றியே எழுப்பினர். நாம் ஒரு மரப்பேனையைக் கொண்டு இதனை ஆராய விரும்புகின்றோம்.

மரப்பேனை செய்வோர் விரற்பருமனுள்ள மரத்துண்டைத் துளைத்து, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, கடைசற்பொறியிற் சுழலவிட்டு உளியாற் கடைவர். முடிவில் குழாயைச் சுற்றி எஞ்சுவது மெல்லிய தோல் போன்ற மரமே. அதில் வெடிப்புத் தோன்றுவது இயல்பு. ஈரமரத்தின் வெட்டுமுனை முந்தி உலர்கிறது. அன்றியும், வளையங்களின் போக்கிலே மரம் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையிற் சுருங்குவதைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த இழுபறியிலேதான் மரம் பிளக்கிறது. கருங்காலியோ துளையிடும் சூட்டுக்கே வெடிக்கக்கூடியது. மழைவளம் மிக்க கண்டியிற் கடைந்த பொருள் குளிரூட்டிய அறையொன்றை அடைந்தபின் வெடிப்பதும் உண்டு.

வெடித்ததை எறிந்துவிட வேண்டுமென்பதில்லை. அதே மரத்தின் தூளைப் பிளவினுள் அழுத்தி, நீர்போன்ற சயனோஅக்ரிலேட் பசையை விட்டால் அது ஊறி இறுகும். அகன்ற பிளவுக்கு எப்பொக்சிப் பசை ஏற்றது. மீண்டும் கடைந்து உப்புத்தாளால் தேய்த்தால் தழும்பு தெரியாது. உள்ளிருக்கும் குழாயும் தாங்கி நிற்பதால், ஆழம்வரை நிரப்பிய வெடிப்பினால் எழுதுபவருக்கு நட்டமில்லை. மேற்பரப்பை மட்டும் பூசிவிட்டு உள்ளே பிளவை விட்டுவைத்தாலோ, அது மறுபடி வாய் திறக்கும். அது செப்பனிடுதல் அன்று.

அப்படியாயின் நன்கு செப்பனிட்டதை மறைக்கலாமா? இங்கே எம் நாட்டு அரக்கு வேலையை நினைத்துப் பார்ப்பது தகும். மாத்தளை ஹபுவிதவில் அரக்கை இழையாக இழுத்து நகத்தாற் பதிப்பர். கடைசல் முறையிலோ, சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கட்டியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் போர்த்துக்கொள்கிறது. மரத்தின் மேனியே மறைந்துபோகிறது. இருந்தும் அதனை எவரும் பொய்யென்பதில்லை. அரக்கின் கீழே இருப்பது மரமென்று வாங்குபவரும் அறிவார் அன்றோ! பிளவிலே கரிய தூளை இட்டு, பழுதற்ற கருங்காலியென்று விலைகூறும்போதுதான் பொய் பிறக்கிறது.

அந்தப் பொய் யாருடையது? 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் ஆனந்த குமாரசுவாமி கண்டிக் கைவினைஞரின் தொழிலை விரித்துரைத்தார். (சமதர்மவாதியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று.) ஊழியத்துக்கு நிலம் பெற்ற பழைய அமைப்பை அவர் பெரிதும் மதித்தார். அதனோடு பிணைந்திருந்த சாதிக்கட்டை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் நிலத்தால் உணவு பெற்றவரின் அன்றைய சோற்றை வெடித்த துண்டொன்று பறித்துவிடவில்லை. துண்டுக்கு இவ்வளவெனக் கூலி பெறுபவரிடமிருந்து அது பறிக்கிறது. மரம் உலருமுன்னே கடையச் சொல்லி, பழுதற்றதே வேண்டுமென்று கேட்டு, வெடித்ததன் விலையைக் கூலியிற் கழிக்கும் வணிகர் ஒருவர் இருப்பாராயின், தூளை நிரப்பிய கையை மட்டும் குற்றஞ்சாட்டுவது எவ்வாறு நியாயமாகும்?

மாற்றுநிறத் தூளால் தழும்பு தெரிய நிரப்பி, செப்பனிட்டது எனச் சொல்லியே விற்கலாம். அதற்கு வாங்குபவர் விலையைக் குறைக்காதிருக்க வேண்டும். கழிந்த மரத்தின் செலவில் வணிகரும் பங்கேற்க வேண்டும். அந்தக் கணக்குப் பேசப்படும்வரை கடைசற்காரர் மரத்தின் நிறம் பார்த்தே தூளைத் தேர்வார்.