பருத்த உடலுக்கும் தலைவிதியா?

வறுமைக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று சொல்லி வந்தவர்களைக் கேள்வி கேட்டு மடக்கிய மண் இது. அதே மண்ணில்தான் இன்று, உடல் பருத்த ஒருவரைக் கண்டால் "வாயைக் கட்டத் தெரியவில்லை, உடம்பு வளையவில்லை, அனுபவிக்கிறார்" என்று தீர்ப்பு எழுதுகிறோம். முற்பிறவிப் பாவம் போய் இப்பிறவிப் பாவம் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியைக் கட்டும் புத்தி மாறவில்லை.

கணக்கைப் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதத்தினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. இந்தச் சில ஆண்டுகளுக்குள் ஊரில் பத்தில் ஒருவரைப் புதிதாகச் சோம்பல் பிடித்துக்கொண்டதா? பரம்பரைக் கூறுகள் அதற்குள் மாறிவிட்டனவா? மாறியவை சோறும் வேலையும் சந்தையும்தான்.

ரேஷன் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலையில்லை. பசியை விரட்டிய அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துவரம் பருப்பு குடும்பத்துக்கு மாதம் 1 கிலோதான். முட்டையோ பயறோ காய்கறியோ அங்கே கிடையாது. தட்டில் சோறு மலையாகவும் குழம்பு தண்ணீராகவும் இருப்பது நாக்கின் குற்றமா? இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2025இல் சொன்னது.

"கீரை மலிவுதானே?" என்பீர்கள். கீரைக்குக் காசு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாளெல்லாம் தையல் மெஷின் முன் உட்கார்ந்துவிட்டு, ஓவர்டைமும் முடித்து இரவில் வீடு திரும்பும் பெண் எப்போது கீரை ஆய்வார்? அடுப்படி பெண்ணுக்கே உரியது என்று ஒதுங்கி நிற்கும் ஆண், அவர் பரோட்டா பார்சல் வாங்கி வந்ததைக் குறை சொல்ல என்ன தகுதி பெற்றிருக்கிறான்?

சந்தையோ அந்த நேரமின்மையையே முதலாக்கிக்கொண்டது. பெட்டிக்கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. 5 ரூபாய்க்குப் பிஸ்கட் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது. இனிப்பை மலிவாக்கிவிட்டு மக்களுக்கு எடைக் குறைப்பு உபதேசம் செய்வது எந்த வகை அறம்?

தனி மனிதருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ள அளவுக்குத்தான் பொறுப்பும் இருக்க முடியும். மாலையில் பூங்காவில் நடக்கவும் தினமும் பழம் வாங்கவும் வசதியுள்ளவர், அந்த வசதியைத் தன் ஒழுக்கம் என்று எண்ணிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

சிலி நாடு வேறு வழி போனது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிட 2016இல் கட்டாயப்படுத்தியது. அவற்றைப் பள்ளிகளில் விற்கவும் தடை போட்டது. இனிப்புப் பானங்கள் வாங்குவது அங்கே ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. சிலி மக்களுக்குத் திடீரென்று மனவுறுதி பிறந்துவிடவில்லை, சட்டம் மாறியது.

இங்கும் வழி இருக்கிறது. நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அது எல்லா மாவட்டத்துக்கும் வரட்டும். பயறும் முட்டையும் சேரட்டும். பாக்கெட்டின் முகப்பில் எல்லோருக்கும் புரியும்படி எச்சரிக்கை அச்சாகட்டும். வீட்டில் ஆண்கள் அரிவாள்மனையைக் கையில் எடுக்கட்டும்.

பருத்த உடலைப் பழிப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதைக் கைவிடுங்கள். கேள்வியை உடலிடம் கேட்காமல், உணவுக்கு விலையும் வேலைக்கு நேரமும் நிர்ணயிப்பவர்களிடம் கேளுங்கள்.