கரி செய்த வினை

இடுப்புக்குக் கீழே நோய் வந்தால் கூடவே ஒரு கேள்வியும் வரும்: எங்கே போய் வாங்கி வந்தாய்? 18ஆம் நூற்றாண்டு லண்டனில், விதைப்பையில் புண்ணோடு வந்த இளைஞர்கள் விஷயத்தில் அதைக் கேட்கக்கூட இல்லை. பால்வினை நோய்தான், கொடு பாதரசம்.

அவர்கள் புகைபோக்கி துடைப்பவர்கள். ஐந்தாறு வயதிலேயே வேலைக்கு வந்தவர்கள். சில புகைபோக்கிகளின் உள் அகலம் ஒன்பதே அங்குலம். முழங்காலையும் முழங்கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். துணி சிக்கும் என்று சிலர் அம்மணமாகவே ஏறினார்கள். இரவில் கரி சுமந்த சாக்கே போர்வை. குளியல் அபூர்வம்.

செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் இந்தப் புண்ணைப் பற்றி எழுதி வைத்தார். விதைப்பையின் அடிப்பக்கத்தில், விளிம்பு தடித்து உயர்ந்த, வலிக்கும் புண். துடைப்பவர்கள் அதைக் கரி மரு என்றார்கள். விட்டால் விதைக்கு ஏறும், பிறகு வயிற்றுக்கு. தோல் சுருக்கங்களில் தங்கிய கரிதான் காரணம் என்றார் பாட். பருவ வயதுக்கு முன் யாருக்கும் இது வந்து அவர் பார்த்ததில்லை. அதனாலும்தான் மருத்துவரும் நோயாளியும் இதைப் பால்வினை நோயாக எடுத்துக்கொள்கிறார்கள், பாதரசமோ புண்ணை முற்றவைக்கிறது என்றும் எழுதினார்.

நோயாளியுமா! சிறுவயதில் ஒட்டிய கரிக்கு, வாலிபத்தில் ஒரு பாவத்தைத் தேடி எடுத்துத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பாவத்தை அவன் செய்தும் இருக்கலாம். புண் அதனால் வந்ததல்ல.

பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்பதும், இருவருமில்லை என்று இயேசு மறுப்பதும் யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. லண்டன்காரர்கள் அறியாத அதிகாரமல்ல. ஆனால் அங்கே குருட்டுக்கு ஒரு நோக்கம் சொல்லப்படுகிறது, கடவுளின் செயல் வெளிப்பட வேண்டும் என்று. பாட் நோக்கம் தேடவில்லை. விதைக்குப் போகுமுன் வெட்டி எடு என்றார். ஈதர் மயக்கம் வர இன்னும் எழுபது ஆண்டுக்கு மேல் இருந்தது.

தமிழில் செயலும் வினை, அதன் பயனும் வினை. பால்வினை என்ற சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. கரி மருவிலும் வினை உண்டு. ஏறச் சொன்ன முதலாளியுடையது, அடுப்பருகே குளிர்காய்ந்த வீட்டுக்காரருடையது. எட்டு வயதுக்குக் கீழ் கூடாது என்றது 1788ஆம் ஆண்டுச் சட்டம். 21 வயதாகாதவர் ஏறவே கூடாது என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டையும் யாரும் சட்டை செய்யவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே புகைபோக்கியில் சிக்கி ஒரு சிறுவன் இறந்த பிறகே, துடைப்பவர்களுக்குப் போலீஸ் உரிமம் கட்டாயமானது. மூங்கில் கழிபோல் ஒன்றோடொன்று கோத்து, உள்ளே போய் விரியும் துடைப்பத்தை ஜார்ஜ் ஸ்மார்ட் 1803இலேயே செய்து காட்டியிருந்தார். அந்தத் துடைப்பம் உள்ளே போக வேண்டுமானால், வளைந்த புகைபோக்கிகளை இடித்துக் கட்ட வேண்டும். செலவுக்கு யோசித்தார்கள்.