திலகவதியார் காத்த பிள்ளை

இம்மலரிலே ஆதரவற்ற பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் வாழும் இல்லங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். கோயில் மலருக்கு இது என்ன விடயம் என்று எவரும் எண்ண வேண்டாம். நாம் நாள்தோறும் பாடும் தேவாரத்தைத் தந்த அப்பர் சுவாமிகளே தாய் தந்தையரை இழந்த பிள்ளைதான்.

திருவாமூரிலே புகழனார் இறந்தார், மாதினியாரும் உடன் சென்றார். திலகவதியாரை மணக்கவிருந்த கலிப்பகையார் போரிலே மாண்டார். அம்மையார் உயிரை விடத் துணிந்தபோது, தம்பி மருணீக்கியார் அழுது வேண்டினார். அந்தத் தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். பின்னர் தம்பி வளர்ந்து, வேறு நெறியிலே சென்று, பெரும் பெயரும் பெற்றார். சூலை நோய் வந்து துடித்தபோது அவர் யாரிடம் போனார்? திருவதிகையிலே தமக்கையார் இருந்தார். இரவோடு இரவாக அவரிடம் போய் விழுந்தார். சோறும் துணியும் மருணீக்கியாருக்கு எங்கும் கிடைத்திருக்கும். போய் விழுவதற்கு ஒரு மடி இருந்ததே, அதுதான் பெரிது.

இல்லங்களை நடத்துவது நமக்குப் புதிய தொண்டு அன்று. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயத்தை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925 - 2008), அந்த ஆலயத்தின் நிழலிலேயே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு மகளிர் இல்லம் அமைத்தார். 2004 கடற்கோளும் 2009 வரை நீடித்த யுத்தமும் இன்னும் பல இல்லங்களைத் தேவையாக்கின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இன்று நம் நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமை, தாய் மத்திய கிழக்குக்குப் போனது, தகப்பன் மறுமணம் செய்தது, கால் வழங்காத பிள்ளையைச் சேர்க்க அருகில் பள்ளிக்கூடம் இல்லாதது, இப்படிப்பட்ட காரணங்களால் வந்தவர்களே அதிகம். ஆச்சி ஒருத்தி மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதற்குப் பஸ் காசு இல்லாமையால் அறுந்து போகும் உறவுகளும் உண்டு. அந்தப் பஸ் காசு ஒரு நேரப் பாயாசச் செலவிலும் குறைவு.

பாயாசம் என்றதும் நினைவு வருகிறது. பிறந்தநாள், ஆட்டைத் திவசம், வெளிநாட்டுப் பிள்ளைகளின் நேர்த்தி என்றால் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆயினும் ஞாயிறன்று மூன்று வீட்டுச் சாப்பாடு வரும், செவ்வாயன்று எவரும் வரார். பிள்ளைகள் வரிசையில் நின்று பஞ்சபுராணம் பாடி, படமும் எடுத்த பிறகுதான் இலைக்கு அமர வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையைச் சாப்பாட்டுக்கு முன் அந்நியர் படம் எடுக்க நிற்க வைப்போமா?

ருமேனியா நாட்டிலே 2000ஆம் ஆண்டில், இல்லங்களில் விடப்பட்ட 136 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் அன்பிலும் மற்றவர்களை விட நன்றாகத் தேறினார்கள். திலகவதியார் கதையைக் கேட்ட நமக்கு இது அதிசயமன்று.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் காரியம் இன்னும் நுட்பமானது. கைகால் விறைத்த பிள்ளைக்குப் படுத்த நிலையில் உணவு ஊட்டினால் புரைக்கேறி நெஞ்சுக்குள் போய்விடும். முதுகும் தலையும் தாங்கி, நிமிர்த்தி இருத்தி, மசித்த சோற்றைச் சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அரை மணித்தியாலம் ஆகும். ஒரு பராமரிப்பாளர் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் அந்த அரை மணித்தியாலம் எங்கிருந்து வரும்? ஆகையால் கட்டிடம் கட்டிப் பெயர்ப்பலகை போடுவதிலும், இன்னும் ஒரு பராமரிப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது பெரிய உபயம். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதுதான் நம்மவருக்கு உள்ள சங்கடம்!

தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தை ஆழப்படுத்த எண்ணியவர், குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண் சுமந்தார். கயிறு இருந்தபடியால் தொண்டு நடந்தது. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை சுவரில் ஒரு கைபிடி, வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை, இவையே நம் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு. நமது ஆலய வாசலிலும் அந்தச் சரிவுப் பாதை இன்னும் இல்லை என்பதைச் சபையினருக்கு இங்கேயே நினைவூட்டுகிறேன்.

எழுதுவினைஞனாக நெடுங்காலம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பது பெரும்பாடு. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அலைய வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்காக நாம் அலையலாம். ஓய்வூதியர்கள் நம்மூரில் குறைவில்லை. பதினெட்டு வயதாகி இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குக் கையில் அட்டையும், காய்ச்சல் வந்தால் போய்ப் படுக்க ஒரு வீடும் வேண்டாமா?

ஆகவே அடியார்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு குடும்பம் ஒரு பிள்ளை என்று, நன்னடத்தைத் திணைக்களத்தின் அனுமதியோடும் இல்லப் பொறுப்பாளரின் முன்னிலையிலும், இரு வாரத்துக்கு ஒருமுறை சென்று பார்க்க முன்வர வேண்டும். இடையில் விட்டுவிடக் கூடியவர்கள் தயவுசெய்து பொறுப்பேற்க வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட பிள்ளை அது. அவர்கள் பராமரிப்பாளர் சம்பள நிதிக்கு உதவலாம், ஆச்சியின் பஸ் காசைப் பொறுப்பேற்கலாம். விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் மடத்துக்கு வந்தால், பெயர் பதியும் கொப்பி என்னிடம் இருக்கும்.