நல்ல மனசு மட்டும் போதாது

பஸ் நிலையத்தில் தனியாக அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் படம் எடுக்காதீர்கள். 1098-க்கு அழையுங்கள். நாலு குரூப்பில் போட்டால் பெற்றோர் கிடைத்துவிடுவார்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்வோம். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்ததா, யாரிடமிருந்தாவது தப்பி வந்ததா என்பது நமக்குத் தெரியாது. தேடி வருகிறவனுக்கு நம் படமே வழி காட்டிவிடும். இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதன் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, திருப்பி அனுப்பலாமா கூடாதா என்று அறிக்கை எழுத, அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் சமூகப் பணியாளர்கள்.

இந்தப் படிப்பு பம்பாயில் 1936-லேயே தொடங்கிவிட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் இதற்காகவே ஒரு கல்லூரியை நிறுவினார். இருந்தும் சமூகப் பணியில் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பெண்ணிடம், “அன்னதானம் போடவா ரெண்டு வருஷம் படிக்கிறே?” என்று கேட்கிற உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அறியாமைக்குக் கொடுக்கும் விலை பெரிது.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். அடுத்த மாதம் மாத்திரை வாங்க வருவதற்குப் பஸ் காசு இருக்கிறதா? வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் உண்டா? “குலதெய்வத்துக்கு ஒரு பூசை போட்டா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லும் மாமியாரை யார் சமாளிப்பது? சமூகப் பணியாளர் அந்தத் திண்ணையில் போய் உட்காருகிறார். அந்த அம்மாவைப் பேச விட்டுக் கேட்கிறார். “பூசையும் போடுங்கம்மா, மாத்திரையையும் நிறுத்திடாதீங்க” என்கிறார். உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறார். மறுமாதமும் வருகிறார். மருந்துச்சீட்டில் எழுத முடியாத வைத்தியம் இது.

அப்படி யாரும் வராத வீடுகள் என்ன செய்தன என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பெற்ற தாய் தகப்பனும் உண்டு. வேறு வழி இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே, இனியாவது சொல்லுங்கள். வாய்விட்டுப் பேசுங்கள். குடியை, அடியை, மகளின் திடீர் மௌனத்தை “நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்” என்று கதவைச் சாத்தி மறைக்காதீர்கள். பெண்களுக்கு 181, மன உளைச்சலுக்கு 14416 என்று எண்கள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைக்குப் போனால் டாக்டரைக் கேட்பதுபோல, “இங்கே சமூகப் பணியாளர் யார்?” என்றும் கேளுங்கள். பிள்ளை படிக்கும் பள்ளியிலும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களே, 500 தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவிட்டது. அவரை வருகைப் பதிவேட்டுக்குக் காவல் வைக்காதீர்கள். தொழிலாளி வந்து மனம்விட்டுப் பேச ஓர் அறையும் நேரமும் கொடுங்கள். தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களே, “சேவைதானே” என்று சொல்லிச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பிறர் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவர் தன் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கும்படி விடுவது அறமாகாது.

உலக சமூகப் பணி நாள் மார்ச் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை வரும். மேடை போட்டு மாலை போட அந்த நாள் போதும். அடி வாங்கும் பிள்ளைக்கு அதுவரை தவணை கிடையாது. இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது வீட்டில் இந்தப் பேச்சை எடுங்கள். 1098, 181, 14416 என்ற மூன்று எண்களையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். அழையுங்கள்.